கூடு இல்லை என்று நான் போட்ட இரண்டு கையெழுத்து

போன மாதம் எனக்கு ஓய்வு விருந்து வைத்தார்கள். சான்டா கிளாராவில், நம் ஊர் ஓட்டல்தான். சேறு ஒட்டிய பூட்ஸுடன் பத்துப் பேர் மசால் தோசையை முள்கரண்டியால் குத்திக்கொண்டிருந்தபோது, போன வருஷம் வேலையில் சேர்ந்த மீரா ஒரு கேள்வி கேட்டாள். மீரா பிறந்தது இங்கேதான். தமிழ் நன்றாகப் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். அன்றைக்கு எனக்கு மரியாதை செய்வதற்காகத் தமிழிலேயே கேட்டாள்.

"ஆன்ட்டி, இத்தனை இயர்ஸ்ல நீங்க ஒரு நெஸ்ட்கூட மிஸ் பண்ணதே இல்லையா?"

"சேச்சே, ஒண்ணுகூட இல்ல" என்றேன்.

எல்லோரும் கைதட்டினார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு நானும் சிரித்துக்கொண்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டேன். ஒரு மாதமாக அது நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. எழுதிவிட்டால் தொலையும் என்று எழுதுகிறேன்.

என் வேலை என்னவென்று என் சொந்தக்காரர்களுக்கே சரியாகத் தெரியாது. நியூ ஜெர்சியில், பார்சிப்பனியில் இருக்கும் நாத்தனார், "அண்ணி மரத்தடியில ஒக்காந்து வேடிக்கை பாக்கறாங்க, அதுக்கு ஆபீஸ் கார் வேற" என்றுதான் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். தப்பில்லை. கலிபோர்னியாவில் பறவைகள் கூடு கட்டும் மாதங்களில் ஒரு மரத்தை வெட்ட வேண்டுமானால், அதில் கூடு இருக்கிறதா என்று யாராவது போய்ப் பார்த்து எழுதித் தரவேண்டும். அந்த யாராவது நான்தான். கூடு இல்லையென்றால் 'கூடு இல்லை' என்று கையெழுத்து. இருந்தால் மரத்தைச் சுற்றி நாடா கட்டி, குஞ்சு பறக்கும்வரை யாரும் கிட்டே வரக்கூடாது என்று கையெழுத்து. ஆக, மரத்தின் தலையெழுத்து என் கையெழுத்தில் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திருச்சியில் எம்.எஸ்ஸி. விலங்கியல் படித்தேன். கல்யாணம், வேலைக்குப் போக முடியாத ஹெச்-ஃபோர் விசா, கிரீன் கார்டு வரும்வரை வீட்டில் மாவரைத்தது, பிள்ளையை டேகேரில் விட்டது, பறவைக் கணக்கெடுப்புக்குச் சம்பளமில்லாமல் போய்க் கொசுக்கடி வாங்கியது. இதையெல்லாம் விரித்தால் எனக்கே கொட்டாவி வரும். நாற்பது வயதில் ஒரு சின்ன ஆய்வுக் கம்பெனியில் சேர்ந்தேன். அங்கேதான் டோனா எனக்கு மேலதிகாரி.

டோனா ஆறடி உயரம். பேச்சு மட்டும் அரையடி. கத்தவே மாட்டார். நாம் ஏதாவது சொன்னால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரே கேள்விதான் கேட்பார்: "பார்த்தாயா, நினைத்தாயா?" முதல் வருஷம் முழுக்க நான் 'நினைத்தேன்' என்றே பதில் சொல்லி, ஒவ்வொரு முறையும் திரும்பக் காட்டுக்குப் போனேன். மழையில் ஒரு தடவை. காய்ச்சலோடு ஒரு தடவை. மனசுக்குள் அவரைத் திட்டாத நாளில்லை.

அவர் வைத்திருந்த முறை ரொம்ப எளிது, ரொம்பக் கொடுமை. மடக்கு நாற்காலியைப் போட்டு மரத்திலிருந்து தள்ளி உட்கார வேண்டும். முப்பது நிமிஷம். பேசக்கூடாது, போனைப் பார்க்கக்கூடாது, தின்னக்கூடாது. கூட்டைத் தேடாதே, பறவையைப் பார், அதுவே உன்னைக் கூட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகும் என்பார். கூட்டைக் கண்டுபிடித்த பிறகும் அதையே முறைத்துப் பார்க்கக்கூடாது. விரலை நீட்டிக் காட்டவே கூடாது. பக்கத்துக் கிளையில் நீலநிற ஜே பறவை ஒன்று உட்கார்ந்து, நாம் எங்கே பார்க்கிறோம் என்று பார்த்துக்கொண்டிருக்கும். நாம் காரில் ஏறியதும் அது போய் முட்டையைத் தின்றுவிடும். நல்லது செய்கிறேன் என்று போய் நாமே காட்டிக்கொடுத்த கதையாகிவிடும்.

எனக்குப் பைத்தியம் பிடிக்க வைத்தது ஹம்மிங்பேர்ட் கூடுதான். அதிலும் ஆலன்ஸ் ஹம்மிங்பேர்ட் என்று ஒரு வகை. நம் ஊர்த் தேன்சிட்டைப் பார்த்தவர்கள் அதன் சொந்தக்காரன் என்று நினைப்பார்கள். தூரத்து உறவுகூட இல்லை. பசிபிக் கடலோரத்தில் மூடுபனி ஏறி வருகிற ஒடுங்கிய பட்டையில்தான் இது பெரும்பாலும் குடும்பம் நடத்தும். ஆண், வெட்டவெளிப் புதர் மேலே உட்கார்ந்து செம்புக் கழுத்தைக் காட்டி வித்தை செய்துகொண்டிருப்பான். அத்தோடு அவன் கடமை முடிந்தது. பெண் தனியாக மரங்களின் நிழலுக்குள் போய்க் கூடு கட்டி, அடைகாத்து, குஞ்சுக்கு ஊட்டி, எல்லாம் அவள் தலையில். கூடு பாதி எலுமிச்சம்பழத் தோல் அளவு. பாசி, பஞ்சு, இதையெல்லாம் சிலந்தி நூல் வைத்துக் கட்டியிருப்பாள். குஞ்சு வளர வளரக் கூடும் நெகிழ்ந்து விரியும். கடலோர மரங்கள் வீடாகவும் ரோடாகவும் மாறிக்கொண்டே இருப்பதால் இவளுக்கு இடம் குறைந்துகொண்டே வருகிறது.

இனி ரமேஷ் வீட்டுக்கு வருகிறேன்.

ரமேஷும் சித்ராவும் சான்டா கிளாராவில் வேலை பார்க்கிற சென்னைத் தம்பதி. முப்பத்தைந்து வயதுக்குள் இருப்பார்கள். பொங்கல் விழா ஒன்றில் எனக்கு அறிமுகம். பசிபிகாவில், கடலைப் பார்த்த மலைச்சரிவில், கிழக்கு வாசல் வைத்த வீடு ஒன்றை வாங்கியிருந்தார்கள். வாசல்படிக்குப் பக்கத்தில், வடகிழக்கு மூலையில், ஒரு பெரிய சைப்ரஸ் மரம். சென்னையிலிருந்து வாஸ்துக்காரர் வாட்ஸ்அப் வீடியோவில் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஈசானிய மூலையில இவ்ளோ பெரிய மரமா? ஆகவே ஆகாது. குடிபோறதுக்கு முன்னாடி எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டார். இரண்டு வருஷமாகச் சித்ராவுக்குக் கரு நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. சித்ராவே பிறகு என்னிடம் சொன்னாள். வாஸ்துவை நம்பாதவர்கள்கூட அந்த நிலையில் நம்புவார்கள். நகராட்சி அனுமதி வந்துவிட்டது, கிரகப்பிரவேசத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது, என் காகிதம் ஒன்றுதான் பாக்கி. ரமேஷ் எங்கள் ஆபீஸுக்கு போன் செய்து, என்னையே அனுப்பச் சொல்லிக் கேட்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் போனேன். மடக்கு நாற்காலியை விரிக்கிறேன், சித்ரா ஓடி வருகிறாள்.

"ஐயோ ஆன்ட்டி, என்ன இது, வெளியில ஒக்காந்துட்டு! உள்ள வாங்க. பழைய வீட்லேர்ந்து பஜ்ஜி போட்டு எடுத்துட்டு வந்திருக்கேன்."

"இல்லம்மா, முப்பது நிமிஷம் இங்கதான் இருக்கணும்."

"அப்ப இங்கயே எடுத்துட்டு வரேன். நீங்க முதல் தடவையா நம்ம வீட்டுக்கு வந்திருக்கீங்க, ஒண்ணும் சாப்பிடாம போனா எப்டி?"

வாழைக்காய் பஜ்ஜி, தேங்காய்ச் சட்னி, ஃபிளாஸ்க்கில் டிகிரி காபி. டோனாவின் சட்டத்தில் ஃபில்டர் காபிக்கு விதிவிலக்கு கிடையாது. ஆனால் வீட்டுக்கு முதல்முறை போன இடத்தில் டம்ளரைத் தட்டிவிடுகிற தைரியம் எந்தத் தமிழச்சிக்கு உண்டு? வாங்கினேன். வாங்கினால் பேசாமல் இருக்க முடியுமா? நீ எந்த ஊர், அம்மா எங்கே, மாமியார் எப்போது வருகிறார் என்று வாய் ஓடியது. சித்ரா வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்று நான் நாற்காலியைத் திருப்பினேன். மரம் என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

அப்போது வாசல் கூரை மூலையில் ஒரு ஹம்மிங்பேர்ட் வந்து நின்று, அங்கிருந்த ஒட்டடையை முகர்வதுபோல மூக்கால் தொட்டுத் தொட்டுப் போனது.

சித்ராவுக்கு வெட்கம். "ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. இன்னும் ஒட்டடை அடிக்கல. சண்டே கிளீனிங் ஆளுங்க வராங்க."

"அட விடும்மா, என் வீட்டுக்கு வந்து பாரு, அங்க சிலந்திக்கு மூணு பெட்ரூம்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். மேலே பார்த்தேன். ஒன்றும் இல்லை. கூடு இல்லை என்று கையெழுத்துப் போட்டு, மீதி பஜ்ஜியை டப்பாவில் வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

280 ஃப்ரீவேயில் பாதி தூரம் வந்தபோது கடைசி பஜ்ஜியைக் கடித்தேன். கடித்தபடியே விறைத்துப் போனேன். ஒட்டடை! ஒரு ஹம்மிங்பேர்டுக்குச் சிலந்தி நூல் எதற்கு? இருபது வருஷமாக ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள், கண்ணெதிரே அவள் நூல் எடுத்துப் போனதைப் பார்த்துவிட்டு ஜோக் அடித்திருக்கிறேன். என் எக்சிட்டைத் தாண்டி இரண்டு எக்சிட் போய்விட்டேன். ஒரு பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தி டோனாவுக்கு போன் போட்டேன்.

"முப்பது நிமிஷம் உட்கார்ந்தாயா?"

"உட்கார்ந்தேன்."

"மரத்தைப் பார்த்தாயா?"

"முதுகுக்குப் பின்னால் இருந்தது" என்றேன். மரம் வெட்டுகிறவர்கள் எப்போது வருகிறார்கள் என்று மட்டும் கேட்டார். அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

மரம் வெட்டுகிற ஆபீஸ் மூடிவிட்டது, அவர்கள் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வருகிறார்கள், என் கையெழுத்துப் போட்ட காகிதம் அவர்கள் கையில் இருக்கிறது. டோனா செய்தி விட்டுப் பார்த்தார், பதிலில்லை. ரமேஷும் போனை எடுக்கவில்லை. எனக்கு அவரைத் திரும்பக் கூப்பிடத் துணிச்சல் வரவில்லை, அதுதான் உண்மை. "விடியும்போது அங்கே இரு" என்று மட்டும் டோனா சொன்னார்.

இருந்தேன். மூடுபனியில் பல் கிட்டித்துக்கொண்டு நாற்காலியில் இருந்தேன். வந்தாள். அதே வாசல் கூரை மூலைக்குப் போய் நூலை வாயில் சுற்றிக்கொண்டு, கார் நிற்கும் பாதைக்கு மேலே தொங்கிய தாழ்ந்த கிளைக்குப் பறந்தாள். அங்கே உட்கார்ந்து, கூட்டின் விளிம்பில் மோவாயை வைத்து அழுத்தி அழுத்தி நூலை ஒட்டினாள். பிறகு உள்ளே இறங்கி அமர்ந்தாள். தரையிலிருந்து பன்னிரண்டு அடிதான். முந்தின நாள் அதற்கு நேர் கீழேதான் நான் காரை நிறுத்தியிருந்தேன்.

ஏழு மணிக்கு மரம் வெட்டும் லாரி வந்தது. குழுத் தலைவர் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, லாரி இன்ஜினை அணைத்தார். பின்னாலேயே டோனாவின் பழைய பிக்கப் வந்தது. நீளக் கழியில் கட்டிய குட்டிக் கண்ணாடியை, அவள் இரை தேடப் போன நேரம் பார்த்து, கிளைக்கு மேலே உயர்த்தினார் டோனா. இரண்டு முட்டை. வெள்ளை வெளேரென்று, மொச்சைக்கொட்டை அளவில்.

மரம் வெட்டுவதைப் பார்க்க ரமேஷ் தூக்கக் கலக்கத்தோடு காரில் வந்து இறங்கினார். நான் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

"நேத்து நீங்கதான ஆன்ட்டி சைன் பண்ணீங்க?"

"ஆமா. தப்புப் பண்ணிட்டேன்."

"எத்தன நாள் ஆகும்?"

"ஆறு வாரம்."

"பன்னெண்டு நாள்ல ஃபங்ஷன். இன்வைட்டெல்லாம் அனுப்பியாச்சு. அம்மா அப்பா டிக்கெட் போட்டாச்சு." பிறகு மெதுவாகச் சொன்னார். "நம்ம ஆளுன்னு நெனச்சுதான் உங்கள வரச் சொன்னோம்."

நம்ம ஆளாக இருந்ததால்தான் முதல் நாள் தப்பு நடந்தது என்று நடுவாசலில் நின்று எப்படிச் சொல்வது? டோனா என்னிடம் ஒரு காகிதத்தை நீட்டினார். முந்தின அனுமதியை ரத்து செய்கிற படிவம். காரணம் என்ற இடத்தில் என் கையாலேயே எழுதச் சொன்னார். 'கவனிப்பு நேரத்தில் காபி குடித்துக்கொண்டு, மரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன்' என்று எழுதினேன். அவர் அதைப் படித்தார், தலையசைத்தார், மடித்துப் பையில் வைத்தார். ஒரு மாதம் நான் தனியாகக் கையெழுத்துப் போடக்கூடாது என்பது தண்டனை.

கிரகப்பிரவேசம் நடந்தது. எப்படி நடந்தது என்று கேளுங்கள்! வீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் வாசல் வழியாகச் சத்தமில்லாமல் போகலாம் வரலாம், ஆனால் கூட்டம் கூடாது, புகை கூடாது, மேளம் கூடாது என்று டோனா கோடு போட்டுவிட்டார். ஆகவே எண்பது விருந்தாளிகளும் பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கொல்லைப்புறமாக அடுப்படிக் கதவு வழியே வீட்டுக்குள் போனார்கள். கிழக்கு வாசலுக்காகவே வாங்கிய வீட்டுக்குள் மேற்குப் பக்கமாக! சரியான முகூர்த்த நேரத்தில் ரமேஷும் சித்ராவும் மட்டும் நிறைகுடமும் சாமி படமுமாக, வலது காலை எடுத்து வைத்து, திருடர்கள்போல முன்வாசலில் நுழைந்தார்கள். குருக்கள் உள்ளே நின்று ஜன்னல் வழியாகக் கிசுகிசுப்பாக மந்திரம் சொன்னார். நான் தெருவோரம் நாற்காலி போட்டுப் பறவையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கூட்டிலிருந்து அசையவில்லை.

ஒரே ஒரு கண்டம் வந்தது. ரமேஷின் பெரியப்பா நியூ ஜெர்சியிலிருந்து வந்திருந்தார். வாசல் பக்கம் எட்டிப் பார்த்தவர், "கிரகப்பிரவேச வீட்ல ஒட்டடையா? லட்சணமா இருக்கா?" என்று துடைப்பத்தை எடுத்துவிட்டார். அடைகாக்கும்போதும் அவள் கூட்டை நூல் வைத்து ஒட்டுப்போட்டுக்கொண்டே இருப்பாள். நான் எழுந்து ஓடுவதற்குள் சித்ரா கூரைப் புடவையோடு ஓடி வந்து துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"பெரியப்பா, அது வேணும்னுதான் வெச்சிருக்கோம்."

"வேணும்னா? ஒட்டடையவா?"

"ஆமா. அவளுக்கு வேணும்."

பெரியப்பா அவளையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கிறுக்கு என்று முணுமுணுத்துக்கொண்டு பந்திக்குப் போனார். நான் அன்றைக்கு சித்ராவைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன், கூட்டிலிருந்து ஐம்பது அடி தள்ளி இருக்க வேண்டும் என்பதால் அழவில்லை.

இரண்டு குஞ்சும் பொரிந்தன. சித்ரா தினமும் எனக்கு மெசேஜ் அனுப்புவாள். "ஆன்ட்டி, மூக்கு வந்துடுச்சு." "ஆன்ட்டி, இப்ப ரெண்டுக்கும் இடம் பத்தல." ரமேஷ் என்னோடு பேசவில்லை. ஆனால் காரை அந்தக் கிளைக்குக் கீழே நிறுத்தாமல் தெருவில் நிறுத்திவிட்டு, இரண்டு கையிலும் மளிகைப் பையோடு மேடேறி வருவதைப் பார்த்திருக்கிறேன். ஆறாவது வாரம் முதல் குஞ்சு பறந்தது. மறுநாள் அடுத்தது.

அதற்குள் என் தண்டனைக் காலம் முடிந்திருந்தது. "இதை நீயே முடி" என்றார் டோனா. போனேன். மரத்தைப் பார்த்தபடி முப்பது நிமிஷம் உட்கார்ந்தேன். சித்ரா எட்டிப் பார்த்தாள், கிட்டே வரவில்லை. அதற்கு மேலும் ஒரு முப்பது நிமிஷம் உட்கார்ந்தேன். கண்ணாடிக் கழியை உயர்த்திப் பார்த்தேன். கூடு நெகிழ்ந்து, தட்டையாகி, காலியாக இருந்தது. கிளை கிளையாகப் பார்த்தேன். ஒரு காரணம் கிடைக்காதா என்று தேடினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்கவில்லை.

ரமேஷ் வந்து நின்றார். ஆறு வாரத்துக்குப் பிறகு முதல் பேச்சு.

"இப்ப வெட்டலாமா ஆன்ட்டி?"

"வெட்டலாம்" என்றேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

மறு திங்கட்கிழமை வெட்டினார்கள். ரமேஷ் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் வேண்டுதல் அவருக்கு. வேலையில் நான் பார்த்த நூற்றுக்கணக்கான மரங்களில் அதுவும் ஒன்று என்று சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வருஷம், குளிர் விலகுகிற சமயம், ஒரு காலையில் சித்ரா போன் செய்தாள். குரலே சரியில்லை. அவள் அப்போது முழுகாமல் இருந்தாள், ஐந்து மாதம்.

"என்னம்மா, உடம்புக்கு என்ன?"

"எனக்கு ஒண்ணுமில்ல ஆன்ட்டி. அவ வந்திருக்கா."

"யாரு?"

"மரம் இருந்த எடத்துல, அந்தக் கிளை இருந்த அதே ஹைட்ல, காத்துல நின்னுட்டிருக்கா. போறா, திரும்ப வந்து அங்கயே நிக்கறா. காலைலேர்ந்து இதேதான். ரமேஷ் ஆபீஸுக்குப் போகாம வாசல்ல நின்னு பாத்துட்டிருக்கார். நான் என்ன ஆன்ட்டி பண்ணணும்?"

என்ன செய்ய முடியும்? அதே பறவைதான் என்று நிரூபிக்கவும் முடியாது, அதன் காலில் அடையாள வளையம் எதுவும் இல்லை. ஆனால் வேறொரு பறவைக்கு அந்த வெற்றிடத்தில் என்ன வேலை? இருவரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு அழுதோம்.

மீராவுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான். காபி குடித்துவிட்டுப் போட்ட கையெழுத்து தப்பு, அதை மறுநாளே அழிக்க முடிந்தது. இரண்டாவது கையெழுத்தில் ஒரு பிழையும் இல்லை, அதை மட்டும் அழிக்கவே முடியவில்லை. ஒரு மணி நேரம் கண் இமைக்காமல் பார்த்துவிட்டுத்தான் போட்டேன்.